யூரியா மூட்டையில் எழுதப்படாத உலோகங்கள்

45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. கணக்குப் போட்டால் 20 கிலோ 700 கிராம். உரக்கடையில் அதற்கு மேல் பேச்சு போவதில்லை. விலை என்ன, மானியம் எவ்வளவு, ஏன் தட்டுப்பாடு, ஏக்கருக்கு எத்தனை மூட்டை, அவ்வளவுதான். ஆனால் அந்த 20 கிலோவில் ஒரு கிராம்கூட உலோகத்தின் கை படாமல் நெல்லின் புரதமாக மாறுவதில்லை. யூரியாவை உடைப்பது நிக்கல். உடைந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலையைத் தொடங்கி வைப்பது தாமிரம். அந்த நைட்ரேட்டைச் செடிக்குள் பிடித்து மறுபடி அம்மோனியமாக்குவது மாலிப்டினமும் இரும்பும். பயிருக்குப் போகாமல் காற்றுக்குத் திரும்பும் பங்கிலும் தாமிரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. யூரியாவே வேண்டாம், உளுந்து விதைத்து மண்ணைத் தேற்றிக்கொள்கிறேன் என்று கிளம்பினால் அங்கேயும் இரும்பும் மாலிப்டினமும்தான்.

இவை மண்ணில் சும்மா கிடந்து இந்த வேலைகளைச் செய்வதில்லை. ஒவ்வொன்றும், வேதிவினையை வேகப்படுத்தும் ஏதோ ஒரு நொதியின் ஆழத்தில் ஓரிரு அணுவாக உட்கார்ந்திருக்கிறது. பாடப்புத்தகங்கள் இவற்றை இணைக்காரணிகள் என்று சொல்லி, ஒரு பட்டியல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். பட்டியலைப் பார்த்தால் உலோகம் ஏதோ கூடமாட ஒத்தாசை செய்கிறது என்றுதான் தோன்றும். நிலைமை பல இடங்களில் நேர்மாறு. வேதிவினை நடப்பதே உலோகத்தின் மேல்தான். சுற்றியிருக்கும் பெரிய புரதம், அந்த உலோகத்தைச் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்துவதற்காக இருக்கிறது.

உலோகம் ஏன் தேவைப்பட்டது? புரதம் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றின் பக்கக் கிளைகளால் பல வேலைகள் முடியும்: புரோட்டானைக் கொடுக்கலாம், வாங்கலாம், ஒரு மூலக்கூறைத் தாங்கிப் பிடிக்கலாம். ஆனால் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டு வேண்டியபோது கொடுப்பது அவற்றுக்குப் பெரும்பாலும் கைவராத வேலை. இரும்புக்கும் தாமிரத்துக்கும் மாலிப்டினத்துக்கும் அது இயல்பு. இன்னொன்று, நேர்மின்னேற்றம் குவிந்த ஒரு புள்ளி. தண்ணீர் தன் புரோட்டானை லேசில் விடாது. அதே தண்ணீர் ஒரு நொதிக்குள் துத்தநாக அயனியோடு ஒட்டிக்கொண்டால், நம் ரத்தத்தில் இருக்கும் அமில காரச் சமநிலையிலேயே புரோட்டானை உதிர்த்துவிட்டு, பாய்ந்து தாக்கும் ஹைட்ராக்சைடாக மாறிவிடுகிறது. நம் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இந்த ஒரே தந்திரத்தை வைத்துக்கொண்டு நொடிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை மாற்றித் தள்ளுகிறது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். வயலில் நடப்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

யூரியாவிலிருந்து தொடங்கலாம். யூரியா மிக அமைதியான பொருள். சுத்தமான தண்ணீரில் கரைத்து வைத்தால் அது தானாகச் சிதைந்து முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். வயலில் போட்டால் சில நாட்களில் காணாமல் போகிறது. காரணம், மண்ணில் உள்ள பாக்டீரியாக்களும் மக்கும் இலைதழைகளும் விட்டுவைத்திருக்கும் யூரியேஸ் என்ற நொதி. வேகத்தை அது ஏறத்தாழ நூறு லட்சம் கோடி மடங்கு கூட்டுகிறது என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த நொதிக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் சம்னர், 17 வயதில் வேட்டை விபத்து ஒன்றில் இடது கையை இழந்தவர். அவர் இடது கைப் பழக்கக்காரரும்கூட. சோதனைக்கூட வேதியியல் உனக்கு ஒத்துவராது என்று சொன்னவர்களைப் பொருட்படுத்தாமல் அதையே தொழிலாகக் கொண்டார். 1917-ல், ஒரு நொதியைத் தூய நிலையில் பிரித்தெடுக்க வேண்டும் என்று இறங்கினார். எடுத்துக்கொண்ட மூலப்பொருள் ஜாக் பீன், நம் ஊர் வாளவரையின் நெருங்கிய உறவு. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1926-ல், ஜாக் பீன் மாவை நீர்த்த அசிட்டோனில் வடித்துக் குளிரில் வைத்தபோது சின்னஞ்சிறு படிகங்கள் கிடைத்தன. படிகமாக்கப்பட்ட முதல் நொதி அதுதான். சோதித்தால் அது புரதம். நொதி என்பது புரதமே என்று சம்னர் அறிவித்தார்.

அன்றைய பெரிய தலைகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் நோபல் பரிசு பெற்றிருந்த ரிச்சர்டு வில்ஸ்டாட்டர், புரதம் வெறும் சுமைதாங்கி, உண்மையில் வேலை செய்வது அதில் ஒட்டியிருக்கும் வேறு ஏதோ ஒரு சிறு பொருள் என்று வாதிட்டார். வாதத்தில் சம்னர் வென்றார், 1946-ல் வேதியியல் நோபலும் பங்காகக் கிடைத்தது. அப்புறம் 1975-ல், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பர்ட் செர்னர் குழுவினர் அதே ஜாக் பீன் யூரியேஸில் நிக்கல் இருப்பதைக் கண்டார்கள். நொதி ஒன்றில் நிக்கல் இருப்பது அதுவரை யாரும் அறியாதது. சம்னரின் படிகங்களுக்குள் 49 ஆண்டுகளாக அது இருந்திருக்கிறது, எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வில்ஸ்டாட்டர் சொன்னது தவறுதான், சந்தேகமில்லை. ஆனாலும் புரதத்துக்குள் புரதமல்லாத ஒன்று வேலை செய்கிறது என்ற அவருடைய உள்ளுணர்வுக்கு, இந்த ஒரு நொதியைப் பொறுத்தவரை, நான் பாதி மதிப்பெண்ணாவது போடுவேன்.

யூரியேஸின் வினைமையத்தில் நிக்கல் அணுக்கள் இரண்டு, மிக அருகருகே இருக்கின்றன. ஒன்று யூரியாவின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இழுப்பில் யூரியாவின் நடுவில் உள்ள கார்பன் எலக்ட்ரான் பஞ்சத்தில் தள்ளப்படுகிறது. உலோகத்தோடு ஒட்டியிருந்த தண்ணீர் ஹைட்ராக்சைடாகி அந்தக் கார்பனைத் தாக்குகிறது. ஒரு அம்மோனியா உடனே கழன்றுவிடும். எஞ்சியது நிலையற்ற கார்பாமிக் அமிலம். அது தானாகவே உடைந்து இன்னொரு அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் தரும். துத்தநாகம் செய்த அதே தந்திரம்தான், ஆள் மட்டும் வேறு.

செடிக்குள்ளும் இதே நொதி இருக்கிறது. இலைவழியாக யூரியா தெளிக்கும்போது அதை உடைப்பது செடியின் சொந்த யூரியேஸ். நிக்கல் துளியும் இல்லாமல் சோயாவை வளர்த்தால் இலை நுனிகளில் யூரியா தேங்கி, அந்த இடம் கருகுகிறது. அமெரிக்காவின் பீக்கான் தோப்புகளில் இலை நுனி வளராமல் எலிக்காது மாதிரி வட்டமாக நின்றுபோகும் ஒரு கோளாறு நெடுங்காலமாக இருந்தது. அது நிக்கல் பற்றாக்குறை என்று தெரிந்தது 2004 வாக்கில்தான். நிக்கலைத் தாவரங்களுக்கு அத்தியாவசியமான சத்துகளின் வரிசையில் சேர்த்ததே 1980களின் பிற்பகுதியில்தான்.

ஆனால் வயலில் நம் பிரச்சினை யூரியேஸ் மெதுவாக வேலை செய்வதில்லை, மிக வேகமாகச் செய்வது. மேலாகத் தூவிய யூரியா ஒரே நேரத்தில் உடைந்தால் அந்த இடம் காரமாகிவிடும். காரத்தில் அம்மோனியம், அம்மோனியா வாயுவாகிப் பறந்துபோகும். நெல் வயலில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நின்ற தண்ணீரில் உள்ள பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச உறிஞ்ச, உச்சிவேளையில் தண்ணீரின் காரத்தன்மை இன்னும் ஏறும். நல்ல வெயிலில், தண்ணீர் நிற்கும் வயலில் யூரியாவை வீசுவது என்பது காசைக் காற்றில் விடும் வேலை. வெளிநாடுகளில் இதற்காகச் சந்தைக்கு வந்த என்.பி.பி.டி. என்ற பொருள் யூரியேஸின் அந்த இரண்டு நிக்கல் அணுக்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நாளைக்கு வழியை மறிக்கிறது.

அம்மோனியம் கிடைத்தாயிற்று. நெல் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் ஆக்சிஜன் உள்ள மண்ணில் அதற்குப் போட்டிக்கு ஆள் இருக்கிறது. நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் தனிமைப்படுத்திக் காட்டிய நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை எரித்துப் பிழைக்கின்றன. முதல் படி அம்மோனியா மோனோஆக்சிஜனேஸ். இது சவ்வுக்குள் புதைந்த தாமிர நொதி. அம்மோனியா சாதாரணமாக ஆக்சிஜனோடு வினைபுரியாது. தாமிரத்தின் மேல் ஆக்சிஜனை ஏற்றி, வீரியப்படுத்தி, அம்மோனியாவுக்குள் திணிக்கிறது இந்த நொதி. கிடைக்கும் ஹைட்ராக்சிலமீனை அடுத்த நொதி கையில் எடுக்கிறது; அதன் ஒவ்வொரு அலகிலும் எட்டு ஹீம், அதாவது நம் ஹீமோகுளோபினில் இருக்கும் வகையைச் சேர்ந்த இரும்பு வளையங்கள் எட்டு. கடைசியில் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவதில் மாலிப்டினமும் இரும்பும். ஆக மூன்று படிக்கு மூன்று உலோகம்.

நைட்ரேட் எதிர்மின் அயனி. மண் துகளில் ஒட்டாது, தண்ணீரோடு இறங்கிவிடும். அதனால்தான் இந்த முதல் படியையே தாமதப்படுத்தப் பார்க்கிறோம். யூரியாவையும் ஜிப்சத்தையும் வேப்பம் புண்ணாக்கையும் 5:4:1 என்று கலந்து ஒரு இரவு வைத்திருந்து இடுங்கள் என்பது தமிழ்நாட்டில் பழகிப்போன பரிந்துரை. 2015-ல் இந்திய அரசு, உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று கட்டாயமாக்கியது. மானிய யூரியா ஆலைகளுக்குக் கடத்தப்படுவதைத் தடுக்கத்தான் இது என்று அதிகம் பேசப்பட்டது. வேளாண் காரணம் வேறு: வேம்பின் சில பொருட்கள் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களின் வேலையை மந்தப்படுத்துகின்றன, அம்மோனியம் மண்ணில் சில நாட்கள் கூடுதலாகத் தங்குகிறது.

நைட்ரேட்டை உறிஞ்சிய செடியின் வேலை அதைத் திரும்ப அம்மோனியமாக்குவது. மண்ணில் ஏறிய படிகளை எல்லாம் செடிக்குள் இறங்க வேண்டும். நைட்ரேட் ரிடக்டேஸில் மாலிப்டினம், அடுத்த நொதியில் இரும்பு. இங்கே மாலிப்டினம் தனி அணுவாக இல்லை. டெரின் என்ற கரிமக் கட்டமைப்பில் இரண்டு கந்தக அணுக்களால் கவ்வப்பட்டு இருக்கிறது. இதே கட்டமைப்பு நம் உடலிலும் உண்டு, சல்பைட்டை ஒழிக்கும் நொதியில். அதைக் கட்டும் மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு மூளை கடுமையாகப் பாதிக்கப்படுகிறது. உடலில் மாலிப்டினம் இருந்தாலும் பயனில்லை, பொருத்தும் வழி இல்லாததுதான் நோய்.

செடியில் மாலிப்டினம் குறைந்தால் காலிபிளவர் இலை சாட்டை வால் மாதிரி நடுநரம்பாக மட்டும் சுருங்கிவிடும். பெரும்பாலும் இது மண்ணில் மாலிப்டினம் இல்லாததால் வருவதில்லை. அமில மண்ணில் மாலிப்டேட், இரும்பு ஆக்சைடுகளின் மேல் இறுக ஒட்டிக்கொண்டு வேருக்குக் கிடைக்காமல் போகிறது. சுண்ணாம்பு போட்டால் விடுபடும். தேவைப்படும் அளவும் மிகமிகச் சிறியது. எக்டேருக்குச் சில பத்து கிராம்களைத் தாண்டாது.

துத்தநாகத்தையும் சொல்லிவிட வேண்டும், நைட்ரஜன் பாதையில் அது நேரடியாக நிற்காவிட்டாலும். வடஇந்தியாவின் தராய் பகுதியில் புது நெல் ரகங்களுக்கு யூரியாவைக் கொட்டியும் இலைகள் துருப்பிடித்த நிறத்தில் காய்ந்தன. கைரா என்று அதற்குப் பெயர். நோய் என்று நினைத்திருந்ததை, பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய். எல். நேனே 1966-ல் துத்தநாகப் பற்றாக்குறை என்று காட்டினார். வயலில் தண்ணீர் நிற்கும்போது இரும்பு கரைந்து ஏராளமாகக் கிடைக்கிறது, துத்தநாகமோ அரிதாகிறது. நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் இடச் சொல்வதன் பின்னணி இதுதான். நைட்ரஜனைப் புரதமாக்கும் இயந்திரத்தில் துத்தநாகம் வேண்டிய பாகங்கள் நிறைய; அவை நின்றுபோனால் எத்தனை மூட்டை போட்டும் பயனில்லை.

தண்ணீர் நின்று ஆக்சிஜன் தீர்ந்த மண்ணில் வேறொரு கூட்டம் எழுந்துவிடுகிறது. ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்து மூச்சுவிடும் பாக்டீரியாக்கள். நைட்ரேட், நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, கடைசியில் நைட்ரஜன் வாயு என்று படிப்படியாக இறக்குகின்றன. மாலிப்டினம், பிறகு தாமிரமோ இரும்போ, பிறகு இரும்பு, கடைசிப் படியில் தாமிரம். அந்தக் கடைசிப் படி முடிந்தால் விவசாயிக்குத்தான் நஷ்டம், உலகத்துக்குக் கெடுதல் இல்லை. காற்றில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜனோடு அது சேர்ந்துவிடும். முடியாமல் நின்றால் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறும். நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமாக்கும் வாயு.

நைட்ரஸ் ஆக்சைடை நைட்ரஜனாக்கிக் கதையை முடிக்க உயிருலகில் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பது ஒரே ஒரு நொதிதான், நைட்ரஸ் ஆக்சைடு ரிடக்டேஸ். அதன் வினைமையம் நான்கு தாமிர அணுக்கள் கந்தகத்தோடு சேர்ந்த ஒரு கொத்து. வேறெங்கும் இப்படி ஒன்று இல்லை. அது எப்படி இருக்கிறது என்று படிகத்தில் பார்த்ததே 2000 வாக்கில்தான். ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் கொத்து அது. தாமிரம் கிடைக்காமல் வளர்க்கப்பட்ட பாக்டீரியாக்கள் நைட்ரஸ் ஆக்சைடை அப்படியே வெளியே விட்டுவிடுகின்றன என்பதைச் சோதனைக்கூடத்தில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். விவசாயத்தின் கரியமிலக் கணக்கு பற்றி இத்தனை கூட்டங்கள் நடக்கின்றன. அந்தக் கணக்கில் ஒரு பெரிய வரி, நான்கு தாமிர அணுக்கள் கொண்ட ஒரு கொத்தின் மேல் நிற்கிறது என்பது அங்கே பேசப்படுவது அபூர்வம்.

இதுவரை பார்த்தது ஏற்கெனவே பிடிபட்ட நைட்ரஜனின் பயணம். காற்றிலிருந்து பிடிப்பதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான மும்மைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-ல் செய்து காட்டி, கார்ல் போஷ் 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலையாக்கிய முறைக்கு 400 முதல் 500 டிகிரி வெப்பமும், நூற்றைம்பது இருநூறு வளிமண்டல அழுத்தமும் தேவை. வினையூக்கி இரும்பு. உளுந்துச் செடியின் வேர் முடிச்சில் அதே வேலை, வெயிலில் காய்ந்த மண்ணின் சூட்டில், சாதாரண அழுத்தத்தில் நடக்கிறது. அங்கேயும் இரும்புதான். ஆனால் வெறும் இரும்பு இல்லை.

நைட்ரஜனேஸ் என்ற அந்த நொதியின் வினைமையத்தில் ஏழு இரும்பு, ஒன்பது கந்தகம், ஒரு மாலிப்டினம் சேர்ந்த ஒரு கூண்டு. ஒரு முனையில் ஹோமோசிட்ரேட் என்ற கரிம அமிலம் ஒட்டியிருக்கிறது. மாலிப்டினம் வேண்டும் என்பது 1930-லேயே ஜெர்மானியர் ஹெர்மன் போர்ட்டல்ஸுக்குத் தெரிந்திருந்தது. அசோடோபாக்டர் என்ற மண் பாக்டீரியா நைட்ரஜனைப் பிடிக்க அது தேவைப்படுவதை வளர்ப்பு ஊடகத்தில் கண்டுபிடித்தார். கூண்டின் உருவத்தை 1992-ல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டக்ளஸ் ரீஸ் குழு படிக ஆய்வில் பார்த்தது. கூண்டின் நடுவில் எதுவும் இல்லை என்று அப்போது நினைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 2002-ல், மேலும் துல்லியமாகப் பார்த்தபோது நடுவில் ஏதோ ஒரு லேசான அணு தெரிந்தது. கார்பனா, நைட்ரஜனா, ஆக்சிஜனா? நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆயிற்றே, நைட்ரஜனாகத்தான் இருக்கும் என்று பலர் சாய்ந்தார்கள். 2011-ல் விடை வந்தது: கார்பன். ஆறு இரும்பு அணுக்கள் சூழ்ந்த ஒற்றைக் கார்பன். வேதியியலாளர்கள் யாரும் தங்கள் குடுவையில் எளிதில் செய்யாத ஒன்றை பாக்டீரியா கோடானுகோடி ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

மாலிப்டினம் இவ்வளவு அவசியம் என்றால் அதில்தான் நைட்ரஜன் வந்து ஒட்டும் என்று நினைப்போம். கிடைத்துள்ள சான்றுகள் இரும்பு அணுக்களின் பக்கம்தான் கைகாட்டுகின்றன. மாலிப்டினம் கிடைக்காத இடத்தில் அதற்குப் பதில் வனேடியத்தையோ, இன்னொரு இரும்பையோ வைத்து ஓட்டும் மாற்று நைட்ரஜனேஸ்களும் சில பாக்டீரியாக்களிடம் உண்டு. வேகம் குறைவு, செலவு அதிகம், ஆனாலும் ஓடும்.

செலவு என்றால் சாதாரணச் செலவு இல்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாக்க எட்டு எலக்ட்ரான்களும் செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. குறைந்தது 16-ம் போகின்றன. அம்மோனியாவுக்கு ஆறு எலக்ட்ரான்களே போதும். மீதி இரண்டும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறாக வெளியேறுகின்றன. இது வீண் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கப்படி, இரும்பின் மேல் சேமித்து வைத்த ஹைட்ரஜன் கழன்று போகும் அந்தக் கணத்தில்தான் நைட்ரஜன் வந்து உட்கார இடம் கிடைக்கிறது. ஆக அது வீண் இல்லை, நுழைவுக் கட்டணம். வேர் முடிச்சுக்குள் நைட்ரஜனைப் பிடிக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்களில் சில, வெளியேறிய ஹைட்ரஜனையும் விடாமல் இன்னொரு நொதியால் எரித்துக் கொஞ்சம் ஆற்றலை மீட்கின்றன. அந்த நொதியில் நிக்கலும் இரும்பும்.

இத்தனை ஏ.டி.பி. செய்ய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் பட்டாலோ நைட்ரஜனேஸ் அழிந்துவிடும். இந்த முரணைத் தீர்ப்பதும் ஒரு இரும்பு. வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். லெக்ஹீமோகுளோபின், நம் ஹீமோகுளோபினின் தூரத்து உறவு. ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொண்டு, தனியாகத் திரியவிடாமல், பாக்டீரியாவின் மூச்சுக்கு மட்டும் அளந்து கொடுக்கிறது. உள்ளே சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது, வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது என்று வயலில் நின்றே சொல்லிவிடலாம். தக்கைப்பூண்டு, சணப்பை, கொளுஞ்சி என்று பசுந்தாள் உரத்துக்குப் போடும் எதிலும் இந்தச் சோதனை செல்லும். போதாக்குறைக்கு ரைசோபியத்துக்குக் கோபால்ட்டும் வேண்டும், வைட்டமின் பி12-ன் நடுவில் வைக்க. செடி தனக்கென்று அந்த வைட்டமினைப் பயன்படுத்துவதே இல்லை; இருந்தும் கோபால்ட் இல்லாத மண்ணில் பயறு தழைக்காது.

சரி, செல்லுக்குள் இத்தனை உலோகம் இருக்கும்போது ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? யூரியேஸில் நிக்கலும் கார்பானிக் அன்ஹைட்ரேஸில் துத்தநாகமும் சரியாக உட்கார்வதற்குப் புரதத்தின் வடிவம் மட்டும் போதாது. ஆக்ஸ்ஃபோர்டில் ஹாரி இர்விங்கும் ராபர்ட் வில்லியம்ஸும் 1948-ல் ஒரு வரிசையை வெளியிட்டார்கள். மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம் என்று போகப் போக, உலோக அயனி எதையும் பற்றிக்கொள்ளும் இறுக்கம் கூடும். தாமிரத்தில் உச்சம், துத்தநாகத்தில் கொஞ்சம் இறங்கும். பிடிக்கும் மூலக்கூறு எதுவானாலும் பெரும்பாலும் இதே வரிசைதான். அப்படியானால் செல்லுக்குள் தாமிரத்தைத் திரியவிட்டால், பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவரைப்போல மாங்கனீசின் இடம், இரும்பின் இடம், நிக்கலின் இடம் எல்லாவற்றையும் அதுவே பிடித்துக்கொள்ளும்.

அதனால் செல் தாமிரத்தைத் திரியவே விடுவதில்லை. ஈஸ்ட் செல்லில் கட்டற்ற தாமிரம் செல்லுக்கு ஒரு அணுகூட இல்லை என்று 1999-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு தாமிர அணுவும் ஒரு துணைப் புரதத்தின் கையிலிருந்து இன்னொன்றின் கைக்கு மாறி, நேராக உரிய நொதிக்குள் இறங்குகிறது. நிக்கலுக்கும் அப்படித்தான்: யூரியேஸ் புரதம் செய்யப்பட்ட பிறகு, அதற்கு நிக்கலைக் கொண்டுவந்து பொருத்துவதற்கென்றே மூன்று நான்கு தனிப் புரதங்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் யூரியேஸ் முழு உருவத்தோடு, ஒரு வேலையும் செய்யாமல் நிற்கும்.

நெல்லுக்கும் கோதுமைக்கும் நைட்ரஜனேஸைக் கொடுத்துவிட்டால் யூரியாவே வேண்டாமே என்ற ஆசை ஐம்பது ஆண்டுப் பழையது. 1972-ல் இங்கிலாந்தில் ரே டிக்சனும் ஜான் போஸ்ட்கேட்டும் நைட்ரஜன் பிடிக்கும் கிளெப்சியெல்லாவின் மரபணுக்களைச் சாதாரண ஈ கோலை பாக்டீரியாவுக்கு மாற்றி, அதையும் நைட்ரஜன் பிடிக்க வைத்தார்கள். அடுத்தது பயிர்தான் என்று அன்று பலர் எழுதினார்கள். அது இன்னும் நடக்கவில்லை. அந்த மரபணுக்கள் ஏறத்தாழ இருபது. நொதியின் புரதத்துக்கு நேரடியாக உரியவை மூன்றே மூன்று. மீதியில் பெரும்பாலானவை அந்த இரும்பு மாலிப்டினக் கூண்டைக் கட்டுவதற்கு: இரும்பையும் கந்தகத்தையும் சேர்க்க ஒன்றிரண்டு, நடுக் கார்பனைத் திணிக்க ஒன்று, மாலிப்டினத்தைக் கொண்டுவர ஒன்று, ஹோமோசிட்ரேட் செய்ய ஒன்று, கட்டும்வரை கூண்டைத் தாங்க வேறு இரண்டு. இவை அத்தனையும் தாவரச் செல்லுக்குள், ஆக்சிஜன் படாமல், சரியான விகிதத்தில் வேலை செய்ய வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கே வைத்துப் பார்க்கிறார்கள். ஈஸ்ட்டிலும் புகையிலையிலும் சில பாகங்கள் உருவாகின்றன. முழு இயந்திரம் ஓடவில்லை. புரதத்தை மாற்றி எழுதுவதில் இன்று நமக்கு இருக்கும் கைத்திறன், உலோகக் கொத்தைக் கட்டுவதில் இல்லை என்பதுதான் என் கணிப்பு; தடை அங்கேதான் இருக்கிறது.

இயற்கை ஒரு தடவை இதைத் தாண்டியிருக்கிறது. பிராருடோஸ்ஃபேரா பிகிலோவி என்ற ஒற்றைச் செல் கடல்பாசிக்குள் இருக்கும் ஒரு நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியா, இப்போது தனி உயிரே இல்லை, அந்தப் பாசியின் உள்ளுறுப்பாகவே மாறிவிட்டது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். நைட்ரோபிளாஸ்ட் என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். தன் புரதங்களில் ஏறத்தாழ பாதியை அது பாசியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பாசி பிரியும்போது கூடவே பிரிகிறது. ஒளிச்சேர்க்கையைக் கைவிட்டுவிட்டது, எத்தனையோ மரபணுக்களை உதிர்த்துவிட்டது. நைட்ரஜனேஸுக்கும் அதன் உலோகக் கூண்டைக் கட்டுவதற்கும் வேண்டிய மரபணுக்களை இன்னும் தன்னிடமே வைத்திருக்கிறது.